பொர்சாங்கரில் எந்த முனை உறையும்

1

போன மாதம் மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்குள் நோர்வே முத்திரை ஒட்டிய தடித்த கடிதம் ஒன்று கிடந்தது. என் தம்பி குகனின் கையெழுத்து. எனக்குத்தான் என்று நினைத்து ஓரத்தைக் கிழிக்கப் போனவன், பெயரைப் பார்த்துவிட்டு நின்றேன். என் மகள் மயூரிக்கு எழுதியிருந்தான், ஆங்கிலத்தில்.

குகன் எனக்குக் கடிதம் எழுதுவதை விட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைபேசியில் கதைப்போம். "சுகமா இருக்கிறியளோ அண்ணை" என்பான். "இருக்கிறம், நீ?" என்பேன். "இருக்கிறன்" என்பான். அதோடு முடிந்துவிடும். டெயரி என்கிற மூலைக்கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சும்.

மயூரிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பியோர்ட்டைத் தெரிவு செய்து கட்டுரையும் படமும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் இங்கே தெற்குத் தீவில் இருப்பதைத் தெரிவு செய்ய, இவள் எழும்பி நின்று, என் சித்தப்பா ஒரு பியோர்ட்டின் கரையில் இருக்கிறார், அது ஆர்க்டிக்கில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தாயிடம் விலாசம் வாங்கிப் பத்துக் கேள்வி எழுதி அனுப்பியும் இருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏனென்று கேட்டேன்.

"யூ வுட் ஹாவ் ஆன்சர்ட் தெம் யுவர்செல்ஃப்" என்றாள். நீங்களே பதிலைச் சொல்லியிருப்பீர்கள் என்று அர்த்தம். பிள்ளை சொன்னதில் பொய் இல்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் என்னிடம் படித்தவர்கள் யாரும் இருந்தால் பியோர்ட் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. பனிக்கட்டியாறு மலையை அறுத்து அறுத்துப் பள்ளமாக்கிவிட்டுப் போக, அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்துவிடும். நுழைகழி என்றும் சொல்வார்கள். பதினொரு வருடம் மானிப்பாயில் புவியியல் படிப்பித்தவன் நான். கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு பியோர்ட் கீறுவேன். ஆனால் இன்றுவரை ஒன்றையும் நேரில் கண்டதில்லை. இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடமாகியும் தெற்குத் தீவுப் பக்கம் போகவில்லை. லீவு கிடைத்தால் அதிலும் ஓவர்டைம் செய்கிற ஆள் நான்.

2

கடிதத்தோடு ஒரு வரைபடமும் இருந்தது. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கீறி, நிறம் தீட்டி, திசையும் அளவும் குறித்திருந்தான். குகனும் என்னிடம்தான் படித்தவன். வகுப்பில் என்னை 'சேர்' என்பான், வீட்டு வாசலைத் தாண்டியதும் 'அண்ணை' என்பான்.

அவன் இருக்கிற பியோர்ட்டின் பெயர் பொர்சாங்கர். நோர்வேயின் வடக்கு விளிம்பில் பாரென்ட்ஸ் கடலைப் பார்த்து வாய் திறந்திருக்கிறது. அங்கிருந்து தெற்கு நோக்கி நூற்றிருபது கிலோமீற்றர் உள்ளே போகிறது. யாழ்ப்பாணத்தில் காரில் ஏறினால் வவுனியாவை எட்டப் போகிற தூரம், அவ்வளவும் கடல். வாய்ப்பக்கம் அகலம். உள்ளே போகப் போகத் தீவுகளும் திட்டுகளும். கரையில் ஒவ்வொரு ஊருக்கும் மூன்று பெயர், ஏனென்றால் மூன்று மொழிக்காரர் இருக்கிறார்கள்: நோர்வேக்காரர், அந்தப் பகுதியின் ஆதிக்குடிகளான சாமி மக்கள், பின்லாந்துப் பக்கமிருந்து எப்போதோ வந்த குவேன் மக்கள். மேற்குக் கரையில் ஓரிடத்தில் வெளிறிய சுண்ணக்கல் தூண்கள் ஆட்கள்போல் வரிசையாய் நிற்கின்றனவாம். "உன் அப்பா படிப்பித்ததுபோல் சுவர் மாதிரி மலை இங்கே இல்லை. மொட்டைக் குன்றுகள்தான். வானம் நிறையத் தெரியும்" என்று மயூரிக்கு எழுதியிருந்தான்.

அதுவரை பரவாயில்லை. வரைபடத்தில் தெற்கு மூலையில், பியோர்ட் முடிகிற இடத்தில், நீலப் பென்சிலால் அழுத்தித் தீட்டி 'மாரியில் உறையும்' என்று குறித்திருந்தான். வடக்கே வாயில் நிறமே இல்லை. 'ஒருபோதும் உறையாது' என்று எழுதியிருந்தான்.

படிப்பிப்பதை விட்டு ஒன்பது வருடமாகியும் என் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கிறது. ஏன் என்று கேட்பதை மனைவி சறோ எப்போதோ நிறுத்திவிட்டாள். நான் பேனாவை எடுத்தேன். நீலத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். வடக்கு முனைக்கு அம்புக்குறி கீறி, 'இங்கே' என்று எழுதினேன்.

"சித்தப்பா தலைகீழாய்த் தீட்டிப்போட்டார்" என்றேன். "வடக்குத்தானே துருவத்துக்குக் கிட்ட. அங்கைதான் உறையும்."

மயூரி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நோ அப்பா. ஹி லிவ்ஸ் தெயர்" என்றாள். அவர் அங்கே வாழ்கிறார் என்று.

எனக்குக் கோபம் வந்தது. மறுத்துக் கதைப்பதை இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் ஒரு பாடமாகவே படிப்பிக்கின்றன என்று ஏதோ சொன்னேன். அவள் தாளை என் கையிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

3

அந்தக் கோபம் ஏன் வந்தது என்பதற்கு ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

குகன் நோர்வேக்குப் படிக்கவென்று போய், அங்கே போன எங்கள் பெடியன்கள் பலரையும்போல மீன் ஆலைக்குள் போய்ச் சேர்ந்தவன். ஆலை பொர்சாங்கரின் வாய்ப்பக்கம், கடலோடு ஒட்டிய ஊரில். கொட் மீனை வெட்டி, முள் எடுத்து, பெட்டியில் அடுக்குகிற வேலை. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நாலு இருந்தன. பெண்களும் அதே மேசையில் நின்று மீன் வெட்டினார்கள். சனிக்கிழமைகளில் ஒரு வீட்டில் எல்லோரும் கூடிச் சமைப்பார்களாம்.

அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். பெண் வதனி கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். அவளை அங்கே கூப்பிட்டு எடுப்பதென்றால் குடும்பம் வாழத்தக்க வீடு இருக்கிறது, நிலையான வேலை இருக்கிறது என்று நோர்வே அரசாங்கத்துக்குக் கடுதாசி காட்ட வேண்டும். ஒரு படிவம் போகும், மூன்று படிவம் திரும்பி வரும். அந்த நேரம் இரண்டு வழி வந்தது. ஆலை மனேச்சர் வாய்ப்பக்கத்திலேயே ஒரு பழைய மரவீட்டை வாடகைக்குத் தருகிறேன் என்றார். அதேவேளை பியோர்ட்டின் உள்முனையில் இருக்கிற சிறிய பட்டணத்தில், முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலையும் அதோடு நகரசபை வீடும் கிடைக்கும்போல் இருந்தது. அங்கே தமிழர் ஒருவரும் இல்லை. குகன் இரண்டையும் எழுதி, கடைசி வரியில் கேட்டிருந்தான்: "எங்கே போகட்டும் அண்ணை?"

அப்போது என் நிலைமையையும் சொல்ல வேண்டும். என் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, கையொப்பம் வாங்கி, தகுதி மதிப்பிடும் அலுவலகத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்தேன். பதில் வந்தது. என் பட்டம் இந்த நாட்டுப் பட்டத்தின் முதலிரண்டு வருடங்களுக்குச் சமமாம். பதினொரு வருட அனுபவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேற்கொண்டு படிக்கலாம், ஆங்கிலப் பரீட்சை எழுதலாம், பிறகு விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஐஸ்கிரீம் பெட்டிக்கு மூடி செய்கிற பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன். இன்றும் அங்கேதான். மூடியின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அந்த நாட்களில் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. சூப்பர்வைசர் கையால் காட்டுவார், நான் செய்வேன். அப்படியிருந்த என்னிடம் ஒருவன் புவியியல் கேட்டுவிட்டான். கேட்டது தம்பி, பதில் எழுதியது வாத்தியார். நூலகத்துக்குப் போய் அட்லஸை விரித்து, பொர்சாங்கரை மெல்லிய தாளில் ஒற்றி எடுத்து, நாலு பக்கம் எழுதினேன். உள்முனை ஒரு பாகை தெற்கே இருக்கிறது, ஆகவே சூடு கூட. திறந்த கடல் இல்லை, ஆகவே காற்று அடங்கும். நூற்றிருபது கிலோமீற்றர் நிலம் இரு பக்கமும் காவல் நிற்கும். 'ஆகவே' என்று எழுதும்போதெல்லாம் அடிக்கோடு போட்டேன். முடிவில், உள்முனைக்கே போ, யோசிக்காதே என்று எழுதினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக நான் யாரென்று எனக்கே ஞாபகம் வந்த பின்னேரம் அது. சறோவுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன்.

"அங்கை வேறை தமிழ்ச் சனம் இல்லையாமே" என்றாள் அவள்.

"சனம் பிறகு வரும்" என்றேன்.

குகன் போனான். அடுத்த வருடம் வதனி வந்து சேர்ந்தாள். ஒரு மகன் பிறந்தான். இரண்டு மாரி அங்கே இருந்தாள். பிறகு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவில் இருக்கிற தமக்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், திரும்பி வரவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ என்று நினைத்தோம். குகனும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எழுதுவதை விட்டதும் அந்த வருடத்தில்தான்.

4

சிவப்புக் கோடு போட்டு மூன்றாம் நாள், நான் வேலையால் வர, சாப்பாட்டு மேசையில் நூலகப் புத்தகம் ஒன்று விரித்தபடி இருந்தது. மயூரி எதிரே உட்கார்ந்திருந்தாள். வென்றுவிட்ட முகமில்லை. ஒருவிதமாய் இரக்கப்பட்ட முகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொர்சாங்கரைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அத்திலாந்திக்கிலிருந்து வருகிற வெப்ப நீரோட்டம் வாயைத் தொட்டுக்கொண்டு போவதால் அங்கே கடல் உறைவதில்லை. உள்முனையில் ஆழம் குறைவு, தீவுகளும் கடலடித் திட்டுகளும் தடுப்பதால் அந்த வெதுவெதுப்பான நீர் உள்ளே வந்து சேராது. பின்னால் இருக்கிற மேட்டுநிலத்தின் குளிர் மாரியில் அப்படியே வந்து இறங்கும். அங்கே பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள்.

நோர்வேயின் வடதுறைமுகங்கள் மாரியில் உறையாதிருப்பதற்குக் காரணம் தருக. இந்தக் கேள்வியை எத்தனை பரீட்சையில் போட்டிருப்பேன். வெப்ப நீரோட்டம் என்று எழுதாத பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருக்கிறேன். ஒருவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தியும் இருக்கிறேன். அட்லஸை விரித்து வைத்துத் தம்பிக்குப் பதில் எழுதிய அன்று அது என் நினைவுக்கு வரவில்லை. கோடுகளைப் பார்த்தேன், பாகையைப் பார்த்தேன், என் கெட்டித்தனத்தைப் பார்த்தேன்.

மயூரி சித்தப்பாவின் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். அதை நான் அதுவரை முழுதாக வாசிக்கவில்லை. எட்டாவது கேள்வி, அங்கே மாரி எப்படி இருக்கும் என்பது. அவன் எழுதியிருந்தான்:

"கார்த்திகைக் கடைசியில் சூரியன் போனால் தைப் பொங்கல் கழிந்துதான் வரும். பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக்குப் போகிற நாட்கள் உண்டு. உன் சித்தி கடைக்குப் போய்விட்டு வந்தால் கண் இமையில் பனி ஒட்டியிருக்கும். அவளுக்குக் கதைக்க ஆள் இல்லை. கடையில் நின்று, பால் பெட்டியில் எழுதியிருப்பதை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பாள். வாய்ப்பக்கத்தில் காற்றுப் பலம்தான், ஆனால் இந்தக் குளிர் இல்லை. எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள்."

இதையெல்லாம் அவன் எனக்கு ஒருநாளும் எழுதியதில்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளை கேட்டதும் எழுதிவிட்டான்.

"அப்ப ஏன் சித்தப்பா அங்கே போனார்?" மயூரி ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து சறோ சொன்னாள்: "அப்பா போகச் சொன்னவர்."

மனைவி அதைக் குற்றமாய்ச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதிலாய்த்தான் சொன்னாள்.

5

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே அதே ஞாயிறு காலை எட்டு. பொங்கலுமில்லை, தீபாவளியுமில்லை. குகன் பயந்துபோனான்.

"ஆருக்கும் ஏதுமோ அண்ணை?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. குகன், நான் அண்டைக்கு எழுதினது பிழை. உள்முனைதான் உறையிறது. எனக்கு இப்பதான் விளங்கினது."

அவன் மெல்லச் சிரித்தான். "அது பரவாயில்லை அண்ணை."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும். உங்கடை கடிதம் வர முந்தியே தெரியும். ஆலையிலை எல்லாரும் சொன்னவை, உள்ளுக்குப் போகாதை, குளிர் தாங்கமாட்டாய் எண்டு."

"பின்னை ஏன் போனனீ?"

"உங்களிட்டைக் கேட்டிட்டன்தானே."

அவனே தொடர்ந்தான்.

"வாயிலையே இரு எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான். வதனிக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருந்தன். நீங்கள் நாலு பக்கம் எழுதியிருந்தியள். கேட்டாப் பிறகு எப்பிடி மாறிச் செய்யிறது?"

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. ஐயா செத்த பிறகு மூத்தவனைக் கேட்காமல் ஒரு காரியமும் நடப்பதில்லை. கேட்டால் அதைத் தாண்டுவதும் இல்லை. அதை எப்போதும் மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனிசன், தான் நிற்கிற நிலம் உறையுமா உறையாதா என்று தெரிந்துகொண்டே, உலகத்தின் மற்ற முனையில் இருக்கிற ஒருவனுடைய தாளை நம்பியதுபோல் நடந்து, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"அண்ணை, இப்ப ஒண்டு கேக்கவேணும்" என்றான் குகன். "வதனி கனடாவுக்கு வாங்கோ எண்டு நிக்கிறா. இந்தக் கிழமைக்குள்ளை முடிவு சொல்லவேணுமாம். இங்கை வேலை நிரந்தரமாயிட்டுது. அங்கை போனால் எல்லாம் திரும்ப முதலிலை இருந்துதான். என்ன செய்யட்டும்?"

போ என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இனி ஒருவனுக்கும் புத்தி சொல்வதில்லை என்று மூன்று நாளாய் மனதுக்குள் சபதம் எடுத்து வைத்திருந்தேன். அதை நிறைவேற்ற இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது தம்பி. உன்ரை வாழ்க்கை. அங்கை இருக்கிறவன் நீ. நீயே முடிவெடு" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றான்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். பாரம் இறங்கியதுபோல் இருந்தது. திருந்திவிட்ட மனிசன் என்று என்னைப் பற்றி ஒரு எண்ணமும் வந்தது. சறோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"போ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள். "அந்தப் பிள்ளை அதுக்குத்தானே கேட்டது."

திரும்ப எடு என்றும் சொன்னாள். இப்போதுதானே கதைத்தோம், வருகிற ஞாயிறு எடுத்துச் சொல்வோம் என்றேன். சொன்ன சொல்லை உடனேயே மாற்றினால் என்ன நினைப்பானோ என்ற தயக்கம்; வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அதுதான் காரணம்.

சனிக்கிழமை காலை ரொறன்ரோவிலிருந்து வதனி எடுத்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு எடுப்பது அதுதான் முதல்தடவை.

"அத்தான், அவர் வரேல்லையாம்" என்றாள். "ஏனெண்டு கேட்டன். அண்ணையைக் கேட்டுப் பாத்தன், போ எண்டு அவர் சொல்லேல்லை எண்டார். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?"

"இல்லையம்மா. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஓம், அதைத்தான் அவரும் சொன்னவர்" என்றாள் வதனி.

பின்னேரம் ஆறு மணி ஆகும்வரை வீட்டுக்குள் நடந்தேன். அங்கே விடிந்திருக்கும் என்றதும் எடுத்தேன். குகன் உடனே எடுத்தான். நான் சுகம்கூடக் கேட்கவில்லை.

"நீ போ. வேலையை விட்டிட்டு வதனியிட்டைப் போ. நான் அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

"முடிஞ்சுது அண்ணை. அவவுக்குச் சொல்லிப்போட்டன்."

"சொன்னால் என்ன, மாத்திச் சொல்லு."

"நீங்கள்தானே முடிவெடுக்கச் சொன்னனீங்கள்" என்றான். "எடுத்திட்டன்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது வந்திருக்கும்.